வலியைத் தாங்கச் சொல்பவர்களுக்கு ஒரு மறுப்பு

"ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும். ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா." சென்னீர்குப்பத்திலிருந்து அறுவை சிகிச்சைக்குக் கிளம்புகிறவர் பூந்தமல்லிக்குப் போனாலும், வேலப்பன்சாவடிக்கோ தண்டலத்துக்கோ போரூருக்கோ போனாலும், இந்த வார்த்தை யார் வாயிலிருந்தாவது அவர் காதில் விழுந்துவிடும். பெரும்பாலும் அன்போடுதான் சொல்கிறார்கள். மாமியார் சொல்வார், பக்கத்துக் கட்டில்காரர் சொல்வார், இரவு முழுக்க ஒற்றை ஆளாக வார்டைச் சமாளிக்கும் நர்ஸ் சொல்வார், சில வேளை கத்தி பிடித்த டாக்டரே சொல்வார். அந்த அன்பில் குறையில்லை. அதற்குள் இருக்கும் கருத்துதான் தவறு. வலி குணமாவதில் ஒரு பகுதி, அதைப் பொறுப்பது நோயாளியின் கடமை, மருந்து கேட்பது பலவீனம், கேட்டதும் கொடுப்பது ஆபத்து என்று நீளும் இந்த நம்பிக்கையை முக்கால் நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வுகள் பல பக்கமிருந்தும் தகர்த்துவிட்டன. ஆனாலும் அது வார்டுகளில் இன்னும் அதிகாரத்தோடு நடமாடுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு அதிக விலை கொடுப்பவர்கள் பிள்ளை பெற்ற பெண்கள். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தில் 100 பிறப்புகளில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64. அரசு மருத்துவமனைகளில் 36. அகில இந்திய சராசரியோ 21.5தான். தேவைக்கு மேல் அறுக்கிறார்களா என்பது தனி வழக்கு. அதை இங்கே இழுக்க வேண்டாம். அறுத்தபின் அந்தப் பெண்ணை எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி.

வேறு எந்தப் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நோயாளியிடம் இத்தனை வேலை வாங்குவதில்லை. குடல் அறுவை செய்துகொண்டவரைப் படுக்கச் சொல்கிறார்கள். சிசேரியன் ஆனவளிடம் குழந்தையைக் கொடுத்து, எழுந்து உட்கார்ந்து பால் கொடு என்கிறார்கள். முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்துக்குள் அடுத்த மருந்து உடம்பில் வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லையென்றால், புரண்டு படுக்க முடியாதவளின் மார்பில் குழந்தையை யாரோ பிடித்துக்கொண்டு நிற்க, அவள் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு மூச்சை அடக்குவாள். "எங்க காலத்துல எல்லாம் இப்படியா கத்தினோம்" என்ற பேச்சும் அப்போதுதான் வரும்.

2008இல் ஜேம்ஸ் ஐசெனாக் என்ற மயக்க மருந்து நிபுணரும் குழுவினரும் பிரசவமான 1,288 பெண்களைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிசேரியன் ஆனவர்களும் சுகப்பிரசவம் ஆனவர்களும் அதில் இருந்தார்கள். பிரசவத்தை ஒட்டிய நாளில் கடும் வலியில் இருந்தவர்களுக்கு, லேசான வலி இருந்தவர்களைவிட, எட்டு வாரம் கழித்தும் வலி நீடிக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மனச்சோர்வு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. பிரசவம் எந்த வகை என்பது இதைத் தீர்மானிக்கவில்லை. முதல் நாள் வலி எவ்வளவு என்பதே எட்டாவது வாரத்தோடு ஒத்துப்போனது. கடும் வலிதான் மனச்சோர்வை உண்டாக்கியது என்று இந்த ஆய்விலிருந்து அடித்துச் சொல்ல முடியாது. தொடர்பைத்தான் அது காட்டுகிறது. ஆனால் முதல் நாளில் துடிக்கிற பெண்ணைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல இந்தத் தொடர்பு தாராளமாகப் போதும். நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர். அதிகம் துடிப்பவளுக்குத்தான் அதிகம் அறிவுரை கிடைக்கிறது.

தாய்ப்பால் வாதம் அடுத்து வருகிறது. மருந்து சாப்பிட்டால் பாலில் இறங்கும், குழந்தைக்கு ஆகாது என்பார்கள். எந்த மருந்து என்று கேட்பதில்லை. பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவை என்பது மருத்துவத்தில் நெடுநாளாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. பாலில் அவை சேரும் அளவு மிகக் குறைவு. எச்சரிக்கை வேண்டியது வேறு இடத்தில். 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பால் கொடுக்கும் பெண்கள் அபினிக் குடும்பத்து வலிமருந்துகளான கோடீனும் டிரமடாலும் எடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. குழந்தைக்கு மூச்சு மந்தமாகலாம் என்பது காரணம். ஆக, எளிய மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்காமல் தள்ளிப்போட்டு, தாங்க முடியாமல் அவள் அலறும்போது டிரமடால் ஊசிக்குப் போகிற வழக்கம், குழந்தையைக் காப்பதாக நினைத்துக்கொண்டு தலைகீழாக நடப்பது.

முதுகு ஊசியைப் பற்றிய பயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்புவலி" என்று நம்பாத தெரு இந்தப் பக்கம் இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிள்ளை பெற்ற பெண்களிடம் பின்னாளில் விசாரித்து 1990இல் வெளியான ஓர் ஆய்வு, எபிடூரல் என்ற முதுகு ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் முதுகுவலி கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. இப்படிப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆய்வுக்கு ஒரு பலவீனம் உண்டு: கடினமான பிரசவமானவர்கள்தான் எபிடூரல் கேட்டிருப்பார்கள், ஆகவே எது எதற்குக் காரணம் என்று பிரிக்க முடியாது. அதனால் பெண்களைச் சீட்டுப் போட்டு இரு பிரிவாக்கி எபிடூரல் உள்ள, இல்லாத பிரசவங்களைப் பின்தொடர்ந்தார்கள். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த முடிவில் நாள்பட்ட முதுகுவலியில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. சுமந்ததும், தசை தளர்ந்ததும், குனிந்து குனிந்து குழந்தையைத் தூக்குவதும் சேர்ந்து தரும் வலிக்கு ஊசி பழி சுமக்கிறது.

ஆனால் வலியைப் பொறுத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும், இரண்டு நாள்தானே என்பவர்களுக்கு உடம்பே பதில் சொல்கிறது. மேல்வயிற்றில் அறுத்தவர் ஆழ்ந்து மூச்செடுக்க மாட்டார், இருமமாட்டார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கும்; அங்கே நிமோனியா குடியேறும். கால் அசையாமல் கிடந்தால் ரத்தம் உறையும். வலி எழுப்பும் அட்ரினலின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை எகிறும். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து மூச்சை இழுக்கச் சொல்கிறார்களே, அது இதற்காகத்தான். வலி அடங்காதவர் கையில் அந்தக் கருவி அலங்காரப் பொருள். பந்து எழவே எழாது.

2000இல் ராட்ஜர்ஸ் தலைமையிலான குழு 141 ஆய்வுகளை, 9,559 நோயாளிகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. முதுகுத்தண்டு வழியாக மரப்பூசி கொடுக்கப்பட்டவர்களில் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதை வைத்துக்கொண்டு எபிடூரல் உயிர் காக்கும் என்று முழங்கியவர்களும் உண்டு, முழங்கியது அவசரம். இரண்டே ஆண்டில், அபாயம் கூடிய 915 நோயாளிகளை வைத்து நடந்த 'மாஸ்டர்' என்ற பெரிய ஆய்வு, இறப்பில் வித்தியாசம் காணவில்லை. ஆனால் மூச்சுச் செயலிழப்பு 30 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் குறைந்தது. வலியும் நன்றாக அடங்கியது. மிகைப்படுத்திய உரிமைகோரல் விழுந்தபிறகும் நுரையீரலுக்கான பயன் நின்றது. இந்த அளவு பயன் வேறு எந்த மருந்தில் தெரிந்திருந்தாலும் வார்டு தோறும் கட்டாயமாக்கியிருப்பார்கள்.

டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் இதை இன்னொரு கோணத்தில் பிடித்தார். அவர் அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்துக்காரர் அல்லர். நோயாளி ஏன் இன்னும் மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்று ஒவ்வொரு காலையும் கேட்டுப் பார்த்தவர். வலி, வாந்தி, இயங்காத குடல், எழுந்து நடக்க முடியாத நிலை என்பவைதான் பதிலாக வந்தன. முதல் காரணத்தைச் சரி செய்தால் மற்றவை பின்னாலேயே சரியாவதைக் கண்டார். ஒரே பலமான மருந்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், பாரசிட்டமால், அழற்சி தணிக்கும் மருந்து, நரம்பை மரக்கச் செய்யும் மருந்து என வெவ்வேறு இடத்தில் வேலை செய்பவற்றைச் சிறு சிறு அளவில் சேர்ப்பது அவர் முறை. பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த 60 நோயாளிகளை இப்படிக் கவனித்து அவர் குழு 2000இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ பாதிப் பேர் இரண்டாம் நாளுக்குள் வீடு திரும்பியிருந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் படுக்க வைப்பதே அன்றைய வழக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்குப் போகிறவர் குடலிறக்க அறுவைக்குப் பின் எத்தனை நாள் சம்பளம் இழக்கிறார் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வலியை அடக்குவது சொகுசு என்பவர்கள் அந்தக் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இன்னொரு செலவு நீண்ட நாளைக்குப் பிறகு வருகிறது. 1998இல் வெளியான ஓர் ஆய்வு வடக்கு பிரிட்டனின் வலி மருத்துவமனைகளுக்கு வந்த 5,130 பேரைக் கணக்கெடுத்தபோது, 22.5 சதவீதம் பேர் தங்கள் வலி ஓர் அறுவை சிகிச்சையோடு தொடங்கியதாகச் சொன்னார்கள். கெலெட், யென்சன், வுல்ஃப் மூவரும் 2006இல் லான்செட் இதழில் தொகுத்தபோது, சாதாரண அறுவை சிகிச்சைகளுக்குப் பின் 10 முதல் 50 சதவீதம் பேருக்கு நாள்பட்ட வலி தங்குகிறது, 2 முதல் 10 சதவீதம் பேருக்கு அது கடுமையாக இருக்கிறது என்று எழுதினார்கள். இந்த வுல்ஃப்தான் 1983இல், காயத்திலிருந்து ஓயாமல் வரும் தூண்டுதல் தண்டுவடத்தையே கூருணர்ச்சிக்கு மாற்றிவிடுகிறது என்று காட்டியவர். முன்பு வலிக்காத தொடுதல்கூட அதன்பின் வலிக்கும். இதைக் கேட்டவுடன், அறுப்பதற்கு முன்பே மருந்து கொடுத்துவிட்டால் எல்லாம் தடுக்கப்படும் என்று ஆர்வம் கிளம்பியது. மருந்தை முன்னால் கொடுப்பதா பின்னால் கொடுப்பதா என்று ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் வித்தியாசம் காணவில்லை. நேரத்தில் மந்திரமில்லை. வலியை எழ விடாமல் நாள் முழுக்கப் பிடித்து வைப்பதில்தான் காரியம் இருக்கிறது.

அதற்குப் பலமான மருந்து வேண்டுமே, அது கிட்னியைக் கெடுக்குமே என்ற எதிர்வாதத்துக்கு எண்களே போதும். ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி மெக்குவே, ஆண்ட்ரூ மூர் ஆகியோர் தொடங்கிவைத்த பணியில், அறுவைக்குப் பிந்தைய வலிக்கான மாத்திரைகளைப் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகள் ஒரே அளவுகோலில் வைக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி கடைவாயின் ஞானப்பல்லைப் பிடுங்கியவர்களிடம் நடந்தவை. வேலப்பன்சாவடியின் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் அந்தப் பல்லை எடுத்துவந்த எவருக்கும் அந்த வலி தெரிந்திருக்கும். வெறும் மாத்திரை கொடுத்திருந்தால் குறைந்திருக்காத ஒருவருக்கு வலி பாதியாகவாவது குறைய, எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பதே அளவு. எண் சின்னதாக இருந்தால் மருந்து நல்லது. கோடீன் 60 மில்லிகிராம் தனியாக: 12. பாரசிட்டமால் 1,000 மில்லிகிராம்: 3.6. ஐபுபுரூஃபன் 400: 2.5. ஐபுபுரூஃபன் 200, பாரசிட்டமால் 500 இரண்டையும் சேர்த்து: 1.6.

இந்த நான்கு எண்களையும் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். அபினிக் குடும்பத்து மருந்தான கோடீன் கடைசியில் நிற்கிறது. எந்த மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு சாதாரண மாத்திரைகள், இரண்டும் குறைந்த அளவில், ஒன்றாகச் சேர்ந்து முதலிடத்தில் நிற்கின்றன. பலமான மருந்து, பலவீனமான மருந்து என்று மக்களும், மருத்துவர்களில் பலரும் மனதில் வைத்திருக்கும் ஏணி இங்கே உடைகிறது. ஊசிதான் சீக்கிரம் கேட்கும் என்ற நம்பிக்கையும் கூடவே உடைகிறது: விழுங்க முடிகிற நோயாளிக்கு, அழற்சி தணிக்கும் மருந்துகளை ஊசியாகக் கொடுப்பதால் மாத்திரையைவிடக் கூடுதல் பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

கிட்னி பயம் முழுப் பொய் என்று சொன்னால் அது நேர்மையாகாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மருந்துகள் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்கும், ரத்தமோ நீரோ நிறைய இழந்து வறண்டிருப்பவருக்கும், குடல்புண்ணும் இதய நோயும் உள்ளவருக்கும் கெடுதல் செய்யும். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் மருந்துக் கடையில் தானே வாங்கி விழுங்குகிறவர்களின் சிறுநீரகம் கெடுவதை ஊரில் பார்த்திருக்கிறோம். அந்தக் காட்சியிலிருந்துதான் பயம் பிறந்தது. ஆனால் சிறுநீரகம் நன்றாக உள்ள ஒரு முப்பது வயதுப் பெண்ணுக்கு, மருத்துவர் கண்பார்வையில், மூன்று நாள் கொடுப்பது வேறு சங்கதி. கவலைப்பட வேண்டிய இடம் வேறொன்று: ஒரே பாரசிட்டமால் இரண்டு மூன்று வணிகப் பெயர்களில், அசெக்ளோஃபெனாக்கோடு சேர்ந்தும் டிரமடாலோடு சேர்ந்தும், ஒரே சீட்டில் எழுதப்படுவது. ஐம்பது கிலோகூட இல்லாத பெண்ணுக்கு நாளைக்கு நான்கு கிராம் என்ற பொது உச்சவரம்பே அதிகம். இதையெல்லாம் கவனிப்பது வலி மருத்துவத்தின் வேலை. கவனிக்காமல் மருந்தையே மறுப்பது அந்த வேலையிலிருந்து தப்பிப்பது.

அடுத்தது பழக்கமாகிவிடும் என்ற பயம். இந்தப் பயத்துக்கு அமெரிக்காவில் கொடுத்த தவறான பதில் பல லட்சம் உயிர்களை வாங்கியிருப்பதால், இதை அவசரமாகத் தள்ளிவிட முடியாது.

1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்து வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் போதைமருந்து வகை வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானதாகப் பதிவு இருக்கிறது என்றது. மருத்துவமனைக்குள்ளே, கண்காணிப்பில், குறுகிய காலம் கொடுத்ததைப் பற்றிய சிறு குறிப்பு அது. அதை எடுத்துக்கொண்டு, வீட்டில் மாதக்கணக்கில் விழுங்கினாலும் அடிமையாக மாட்டார்கள் என்று பிரசாரம் செய்தார்கள். 1996இல் பர்டியூ என்ற மருந்து நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற அவ்வகை மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2007இல் அதன் அபாயத்தை மறைத்து விற்றதற்காக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2017இல் எண்ணிப் பார்த்தபோது அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அதே ஆண்டில் வெளியான பிரமெட் குழுவின் ஆய்வு, அதற்குமுன் இவ்வகை மருந்து எடுக்காத 36,177 பேரை அறுவைக்குப் பின் கவனித்தது; மூன்று மாதம் தாண்டியும் அதை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ 6 சதவீதம். அறுவை செய்துகொள்ளாதவர்களில் அது 0.4 சதவீதம்.

இதைக் காட்டித்தான் இங்கே பலர், பார்த்தீர்களா, வலியை அடக்கக் கிளம்பினால் இப்படித்தான் முடியும் என்கிறார்கள். அந்த எண்கள் சொல்வது அதையா? அமெரிக்காவின் தவறு வார்டில் நடக்கவில்லை, வாசலில் நடந்தது: சின்ன அறுவைக்கும் முப்பது, அறுபது என்று மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 2022இல் லான்செட்டில் வந்த தொகுப்பு 47 ஆய்வுகளையும் 6,607 நோயாளிகளையும் பார்த்து, வீடு திரும்பும்போது அந்த வகை மாத்திரை கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை, கொடுத்தவர்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் அதிகம் என்று காட்டியது. வலியை அடக்காதே என்று இது சொல்லவில்லை. மேலே கண்ட எளிய மாத்திரைகளை ஒழுங்காகக் கொடுத்தால் வீட்டுக்குப் போகிறவருக்கு அபினிக் குடும்பம் பெரும்பாலும் தேவைப்படாது என்கிறது.

இந்தியாவின் நோய் அமெரிக்காவின் நோய்க்கு எதிர்த்திசையில் இருக்கிறது. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், மருத்துவமனை மார்ஃபின் வாங்கவே பல உரிமங்கள் கேட்டது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபினி விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. விளைகிற நாட்டிலேயே மருந்து இல்லை. கேரளத்தின் நோய்த்தணிப்பு மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டு போராடியபின் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. லான்செட் ஆணையம் 2017 அக்டோபரில் வெளியிட்ட கணக்கில், நோய்த்தணிப்புக்குத் தேவையான மார்ஃபின் வகை மருந்தில் 4 சதவீதம்தான் இந்தியாவில் கிடைத்தது. அமெரிக்காவில் தேவையைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். இப்படிப்பட்ட நாட்டில், சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியோடு 0.1 மில்லிகிராம் மார்ஃபினைச் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு நாள் வரை வலி அடங்கியிருக்கும் என்று தெரிந்தும், அடிமையாகிவிடுவாள் என்று அஞ்சுவதற்கு ஆதாரம் எங்கே? அரிப்பு வரலாம், குமட்டல் வரலாம், மூச்சைக் கண்காணிக்க ஆள் வேண்டும். இவை நிர்வாகம் தீர்க்க வேண்டியவை. மார்ஃபின் சேர்க்க வழியில்லாத இடத்தில் தையலைச் சுற்றிலும், வயிற்றுச் சுவரின் நரம்புகளிலும் பியுபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தைப் போட்டு மரக்கச் செய்யலாம். சிசேரியனுக்கான சர்வதேசப் பரிந்துரைகள் இதையும் சேர்த்தே சொல்கின்றன.

மன உறுதியைப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்த சான்று மயக்க மருந்து நிபுணர் ஹென்றி பீச்சருடையது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில், படுகாயமடைந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார் அவர். நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். 1946இல் இது வெளியானது. மனம் வைத்தால் வலி இல்லை என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். பீச்சர் சொன்ன பொருள் வேறு. அந்தக் காயம் அந்த வீரனுக்கு உயிரோடு போர்க்களத்தை விட்டு வெளியேறும் அனுமதிச்சீட்டு. பின்னர் அவரே சாதாரண மருத்துவமனையில் அறுவை முடிந்தவர்களைப் பார்த்தபோது பெரும்பாலோர் மருந்து கேட்டார்கள். சென்னீர்குப்பத்து வாடகை வீட்டுக்காரருக்கு அறுவை சிகிச்சை எதிலிருந்தும் விடுதலை தருவதில்லை. சம்பளம் நிற்கிறது, கடன் ஏறுகிறது, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. அவர் வலி கூடுதலாகத்தான் இருக்கும். அதற்கு அவர் கோழை என்று பெயரில்லை.

மனதுக்குப் பங்கு உண்டென்றால் அந்தப் பங்கைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். 1964இல் வெளியான ஆய்வில், பாஸ்டனில் எக்பர்ட் என்ற மருத்துவர், வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினரை முந்தின நாள் போய்ப் பார்த்தார். எங்கே வலிக்கும், எவ்வளவு நாள், எப்படிப் புரள வேண்டும், எப்போது மருந்து கேட்கலாம் என்று உட்கார்ந்து சொன்னார். அவர்களுக்குத் தேவைப்பட்ட மார்ஃபின் வகை மருந்து பாதியாகக் குறைந்தது. மற்றவர்களைவிட இரண்டு மூன்று நாள் முன்பே வீட்டுக்கும் போனார்கள். இத்தாலியின் டூரினில் பெனெடெட்டி குழு, நோயாளிக்குத் தெரியாமல் இயந்திரம் வழியாகச் செலுத்தும் வலி மருந்தும், கட்டிலருகே நின்று இதோ வலிக்கு மருந்து போடுகிறேன் என்று சொல்லிப் போடும் மருந்தும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை என்று காட்டியது. மறைவாகப் போட்டால் அதிக மருந்து வேண்டியிருக்கிறது. சொல்லுக்கு அவ்வளவு பலம். "பல்லைக் கடிச்சுக்கோ" என்பதும் சொல்தான். அது எந்தப் பக்கம் வேலை செய்யும் என்று யோசிக்க வேண்டும்.

வலி தெரியாது என்று அடித்துச் சொல்லி மருத்துவம் ஒருமுறை பெரிய தவறு செய்திருக்கிறது. 1980கள் வரை, பிறந்த குழந்தைக்கு வலி உணர்வு முதிரவில்லை, வலிமருந்து அதற்கு ஆபத்து என்ற நம்பிக்கையில், உடம்பை அசையாமல் செய்யும் மருந்தையும் கொஞ்சம் சிரிப்பூட்டும் வாயுவையும் கொடுத்தே பச்சிளங்குழந்தைகளின் நெஞ்சைத் திறந்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த், அறுவைக்குப் பின் தீவிரப் பிரிவுக்குத் திரும்பும் குழந்தைகள் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறார்கள் என்று கேட்டார். குறைமாதக் குழந்தைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து ஒரு பிரிவுக்கு ஃபென்டனில் என்ற வலிமருந்தையும் சேர்த்துக் கொடுத்தார். 1987இல் லான்செட்டில் முடிவு வந்தது: அந்தப் பிரிவில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவு, சிக்கல்களும் குறைவு. ஆபத்து என்று மறுக்கப்பட்ட மருந்துதான் காப்பாற்றியது. பேச முடியாத குழந்தையின் வலியை மறுத்த அதே தைரியம்தான், பேசத் தெரிந்த பெண்ணின் வலியை மிகை என்று தள்ளுகிறது.

ஆய்வுகளையே நம்பலாமா என்று கேட்பவர்கள் ஸ்காட் ரூபெனைச் சுட்டிக்காட்டலாம். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பற்றி எழுதிக் குவித்த அந்த அமெரிக்க மருத்துவர், 21 கட்டுரைகளில் தரவுகளை இட்டுக்கட்டியது 2009இல் அம்பலமாக, பின்னர் சிறைக்கும் போனார். அவர் கட்டுரைகளைக் கழித்துவிட்டு மற்றவற்றை மறுபடி கணக்கிட்டார்கள்; பெரும்பாலான முடிவுகள் மாறவில்லை. பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் ரூபெனை நம்பி நிற்கவில்லை.

நம் மருத்துவக் கல்லூரிகளும் இந்த ஆய்வில் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் மேற்படிப்பு ஆய்வேடுகளைப் புரட்டினால், பியுபிவகெய்னோடு குளோனிடினைச் சேர்த்தால் எத்தனை மணி நேரம் வலி அடங்கும், டெக்ஸ்மெடிடோமிடினைச் சேர்த்தால் எத்தனை என்ற ஒப்பீடுகள் ஏராளம். அவற்றை எழுதிய இளம் மருத்துவர்கள் நோயாளியின் கட்டிலருகே நின்று, மணிக்கு மணி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்திருக்கிறார்கள். ஆய்வில் சேர்ந்த நோயாளிக்குக் கிடைக்கும் அந்தக் கேள்வி, சேராத நோயாளிக்கும் கிடைக்க வேண்டும். இன்னும் ஒரு மருந்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதைவிட, ஒரு வார்டில் எத்தனை பேரிடம் வலி கேட்கப்பட்டது, கேட்டபின் எத்தனை நிமிடத்தில் மருந்து வந்தது என்று கணக்கெடுக்கும் ஆய்வேடு அதிகம் பயன்படும். அதற்குப் புது மருந்தோ புது இயந்திரமோ வேண்டாம்.

கேட்பதற்கும் முறை உண்டு. அசையாமல் படுத்திருப்பவரிடம் வலிக்கிறதா என்றால் இல்லை என்பார். இருமச் சொல்லி, எழுந்து உட்காரச் சொல்லி, அப்போது எவ்வளவு என்று கேட்க வேண்டும். அந்த எண் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எழுதும் அதே தாளில் ஏற வேண்டும். 'தேவைப்பட்டால்' என்று எழுதிவைக்கும் வலிமருந்து, கூச்சப்படாமல் கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமே போய்ச் சேர்கிறது. முதல் இரண்டு மூன்று நாளுக்கு அந்தச் சொல்லை அடித்துவிட்டு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுத வேண்டும், ஆன்டிபயாட்டிக்கை எழுதுவது போலவே. வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில், எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு, எத்தனை நாள், ஒரு நாளுக்கு அதிகபட்சம் எத்தனை, எந்த இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது, எப்படிப்பட்ட வலி வந்தால் திரும்பி வர வேண்டும் என்பதெல்லாம் தமிழில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நோயாளியோ கூட வந்தவரோ கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். கேட்பது அவர்கள் உரிமை. பதில் எழுத ஐந்து நிமிடம் ஆகும்.